‘திடமாக இருங்கள்’ என்று சொல்ல மாட்டேன்: மருத்துவப் பணியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

என் அப்பா மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிரெஸ்ஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர். நான் அரசாங்க மருத்துவமனைகளில் 35 ஆண்டுகள் தாதியாக இருந்து, 2021 கடைசியில் ஓய்வு பெற்றவள். பிறகு ஆலோசகர் பயிற்சி முடித்தேன். நான் மனநல மருத்துவர் அல்ல, மருந்து எழுதித் தர என்னால் முடியாது. கொள்ளைநோய்க் காலத்து மன அழுத்தத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. பெயர்களை எடுத்துவிட்டேன். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தாதி, 31 வயது): கோவிட் வார்டில் 14 மாதங்கள் வேலை செய்தேன், சிஸ்டர். இப்போது சாதாரண வார்டுதான். ஆனால் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு ‘பீப்’ என்று கத்தினால் கை நடுங்குகிறது. அன்று நடுங்காத கை இன்று ஏன் நடுங்க வேண்டும்?

பதில்: அன்று நடுங்க உங்களுக்கு நேரம் ஏதம்மா? ஆக்சிஜன் இறங்குகிறது என்று கருவி கத்தினால் ஓட வேண்டும். அந்த ஒலியையும் ஓட்டத்தையும் உடம்பு ஒரே முடிச்சாகப் போட்டுவைத்துவிட்டது. அடுப்பு வேறு, கருவி வேறு என்பது புத்திக்குத் தெரியும். நெஞ்சுக்கு அது தெரிய இன்னும் கொஞ்ச நேரமாகும்.

பிந்தி வருவது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2003-இல் கனடாவின் டொரண்டோ நகரில் சார்ஸ் பரவியது. நோய் அடங்கி ஓராண்டு, ஈராண்டு கழித்து அங்குள்ள மருத்துவமனை ஊழியர்களை ஆராய்ந்தார்கள். சார்ஸ் நோயாளிகளே வராத ஹாமில்டன் நகர ஊழியர்களைவிட, அந்த நோயாளிகளைக் கவனித்தவர்களிடம் சோர்வும் மனவேதனையும் கூடுதலாக இருந்தன. ஊர் மறந்துவிட்டது, அவர்களால் முடியவில்லை.

அடுப்பு கத்தியதும், அது என்ன ஒலி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: “அடுப்பு. குழம்பு சூடாகிவிட்டது.” இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். இழுத்த மூச்சை இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். அடுப்பையே தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையோ வீட்டையோ கெடுத்தால், அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அதற்கென்றே பேச்சு சிகிச்சை முறைகள் இருக்கின்றன, பலருக்குப் பலன் தருகின்றன.

இன்னொன்று. சம்பவம் நடந்த கையோடு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் கொட்டச் சொல்லும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உங்களுக்குப் பேசத் தோன்றும்போது பேசுங்கள். யாரும் உங்கள் வாயைப் பிடுங்க வேண்டியதில்லை.

கேள்வி (ஒப்பந்த மருத்துவர்): தோட்டத்தில் பிறந்து, அம்மா ரப்பர் பால்மரம் வெட்டிய காசில் படித்தவன் நான். 2021 ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பணியில் இருந்தேன். ஒரு படுக்கை, இரண்டு நோயாளிகள். மேல் மருத்துவர் முடிவெடுத்தார், நான்தான் மற்றவரின் மகனிடம் போய்ச் சொன்னேன். இன்னமும் அந்த மகனின் முகம் கனவில் வருகிறது. நான் செய்தது தவறா, அக்கா?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை நான்கு நாள் வைத்திருந்தேன். “இல்லை, தவறில்லை” என்று உடனே எழுதியிருக்கலாம். அதை உங்களிடம் ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். கனவு நின்றதா?

இதற்குப் பெயர் உண்டு. எது சரி என்று தெரிந்தும் அதைச் செய்ய வழியில்லாமல் கை கட்டப்பட்டு நிற்கும் வேதனையை, தாதியரைப் பற்றி எழுதும்போது ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற அமெரிக்க அறிஞர் 1984-இல் ‘தார்மீக வேதனை’ என்று தனியாகப் பெயரிட்டுக் காட்டினார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைக் கவனித்த மனநல மருத்துவர் ஜொனாத்தன் ஷே, எது சரி என்பதை மேலிடமே மீறும்போது மனசாட்சியில் விழும் காயத்தைப் பற்றி எழுதினார். பயத்தால் வரும் நோயும் இதுவும் ஒன்றல்ல. பயந்தவனிடம் “இனி ஆபத்தில்லை” என்று சொல்லலாம். உங்களிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

இரண்டு படுக்கை இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? இருவரையும் படுக்கவைத்திருப்பீர்கள். அப்படியானால் குறை உங்கள் நெஞ்சில் இல்லை, படுக்கையின் எண்ணிக்கையில் இருக்கிறது. அதற்கடுத்த மாதம் நாட்டில் ஒரே நாளில் 24,000-க்கும் மேற்பட்ட தொற்றுகள் பதிவாயின. அந்தக் கணக்கை நீங்கள் ஒருவர் நேர்செய்திருக்க முடியாது. இப்படிச் சொல்வதால் துக்கம் போய்விடாது, போகவும் கூடாது. ஒரு மனிதர் இறந்தார், நீங்கள் துக்கப்படுகிறீர்கள். அந்தத் துக்கம் உங்களுடையது. குற்றம் மட்டும் உங்களுடையதல்ல. இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று அதே வார்டில் இருந்த ஒருவரைத் தேடிப் பேசுங்கள். என்னைவிட அவர் நல்ல மருந்து. முடிந்தால் அந்த மேல் மருத்துவரிடமே பேசுங்கள். அவருக்கும் யாரோ ஒருவரின் முகம் கனவில் வரக்கூடும். அந்த மகனுக்கு அனுப்பாத கடிதம் ஒன்று எழுதலாம். வருடத்தில் அந்த நாளில் ஒரு விளக்கு ஏற்றலாம். நம் வீட்டில் இறந்தவர்களுக்குத் திதி கொடுப்பதில்லையா? நினைக்கவென்று ஒரு நாளை ஒதுக்கினால், மற்ற நாள்கள் கொஞ்சம் விடுபடும். வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் மட்டும் கடிதம், விளக்கு என்று நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

2021 ஜூலை 26 அன்று உங்களைப் போன்ற ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்பு செய்தபோது சிலர் சுயநலம் என்றார்கள். நாளை வேலை இருக்குமா என்று தெரியாமல் இன்று உயிரைக் காப்பாற்றச் சொல்வதும் ஓர் அழுத்தம்தான். அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளி): எல்லோரும் டாக்டருக்கும் தாதி மிஸ்ஸிக்கும் கைதட்டினார்கள். அந்த வார்டைக் கூட்டிக் கழுவியது நாங்கள். எங்களுக்கும் இந்த மன அழுத்தம் எல்லாம் உண்டா?

பதில்: உண்டு, அக்கா. சில இடங்களில் கூடுதலாகவே உண்டு. எந்தப் பையில் என்ன இருக்கிறது, எதைத் தொட்டால் ஆபத்து என்று உங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. தெரியாததுதான் பெரிய பயம். 1999-இல் நெகிரி செம்பிலானில் நிப்பா வந்தபோது நான் அங்கே பணியில் இருந்தேன். முதலில் அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசு மருந்து அடித்தார்கள். புக்கிட் பெலாண்டோக் ஊரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பன்றிகளிடமிருந்து தொற்றும் புதுக்கிருமி என்று தெரியவந்த அன்று, நோய் குறையவில்லை, ஆனால் எங்கள் வார்டில் பேச்சுக்குரல் திரும்பி வந்தது. நாட்டில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்த நோய் அது.

ஆகவே கேளுங்கள். முகக்கவசத்தை எப்படிப் பொருத்துவது, கையுறையை எப்படிக் கழற்றுவது, ஊசி குத்திவிட்டால் யாரிடம் ஓடுவது என்று மூன்றையும் உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். நான்கு பேராகப் போய்க் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

கேள்வி (தாதியின் கணவர், செம்பனைக் குலை லோரி ஓட்டுநர்): மனைவி டெங்கி நோயாளிகள் நிறைந்த வார்டிலிருந்து வருகிறாள். வந்தால் பேசுவதில்லை. “என்ன ஆச்சு?” என்று கேட்டால் எரிந்து விழுகிறாள். நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: ஒன்றும் சொல்ல வேண்டாம். சோறு வடித்து வையுங்கள். நாள் முழுவதும் நூறு பேர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன வாய் அது. வந்ததும் அரை மணி நேரம் தனியாக விடுங்கள். பிறகு பக்கத்தில் உட்காருங்கள். லோரியை ஓட்டிக்கொண்டு கோலகங்சார் ரோட்டில் போய்வரும்போது நீங்கள் மட்டும் எதிரில் வருகிறவனிடம் எல்லாம் பேசுகிறீர்களா? அவளே ஆரம்பித்தால் கேளுங்கள், தீர்வு சொல்லாதீர்கள். “வேலையை விட்டுவிடு” என்பது தீர்வு அல்ல, அது வாயடைப்பு.

பல வாரமாக அவளுக்குப் பிடித்த எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு குறைகிறது, அழுகை நிற்கவில்லை என்றால் அப்போது சும்மா இருக்காதீர்கள். “நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று சொல்லுங்கள். போ என்று சொல்வதற்கும் கூட்டிக்கொண்டு போவதற்கும் நிறைய தூரம்.

கேள்வி (மருத்துவ உதவி அதிகாரி, 26 வயது): இரவுப் பணி முடிந்து வந்தால் இரண்டு டின் பீர் குடித்தால்தான் தூக்கம், அதுவும் மூன்று மணி நேரம்தான். தவறா?

பதில்: தம்பி, சம்சு சாராயம் குடித்தே தோட்டத்தில் எத்தனை வீடு அழிந்தது என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். சரி, உபதேசம் போதும், உடம்பைப் பேசுவோம். மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், பின்பாதித் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் மூன்று மணி நேரத்தில் விழித்துக்கொள்கிறீர்கள். நாளாக நாளாக இரண்டு டின் போதாது. பணியின் பிற்பாதியில் கோப்பி ஓ வேண்டாம். குடித்த காப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள், ஜன்னலுக்குக் கனமான துணி கட்டுங்கள். பணிக்குப் போவதற்கு முன் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் அதுவே பெரிய உதவி. தினமும் குடிக்கிற அளவு கூடியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

கேள்வி (கிளினிக் பொறுப்பாளர்): எங்கள் ஊழியர்கள் சோர்ந்திருக்கிறார்கள். நல்ல பேச்சாளர் ஒருவரை அழைத்து ஊக்க உரை ஏற்பாடு செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசில் ஓய்வறைக்கு ஒரு நல்ல மின்விசிறியும் ஒரு சோற்றுப் பானையும் வாங்குங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை விளக்கியபோது அதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தின் விளைவு என்றது. வேலையிடம் கெடுத்ததை ஊழியனின் மனவலிமையால் சரிசெய்யச் சொல்வது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டு வீட்டுக்காரனை நீச்சல் பழகச் சொல்வது போல. பணிநேரப் பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டுங்கள். காலை 7, பிற்பகல் 2, இரவு 9 என்று மூன்று முறை ஓடும் பணியில், இரவு முடித்தவரை மறுநாள் காலைக்கு இழுக்காதீர்கள். புதியவருடன் ஒரு பழையவரைச் சேருங்கள். சாப்பிடப் போனவரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். நோயாளியின் உறவினர் கத்தினால் நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள், 22 வயதுப் பெண்ணை அனுப்பாதீர்கள். இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் காசு மிச்சமிருந்தால் பேச்சாளரைக் கூப்பிடுங்கள், நானும் வந்து கேட்கிறேன்.

கேள்வி (பெயர் வேண்டாம்): சில காலைகளில், எழாமலே போயிருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. யாரிடமாவது சொன்னால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

பதில்: இதை எழுதியதற்கு நன்றி. முதலில் ஒரு வேலை செய்யுங்கள்: நம்பும் ஒருவரிடம், நீங்கள் எனக்கு எழுதிய அதே வரியை இன்றே சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அழுத்தமாகிவிட்டால், எப்படி என்று மனம் திட்டம் போடத் தொடங்கிவிட்டால், தனியாக இருக்க வேண்டாம். யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, அங்கே இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் பெயரைச் சொல்லித்தான் எங்களையும் சின்ன வயதில் மிரட்டினார்கள். 1911 முதல் நம் பேராக்கில் இருக்கும் மருத்துவமனை அது. காய்ச்சலுக்கு ஈப்போ போவதுபோல மனத்துக்கு அங்கே போகிறார்கள். ஆனால் உங்கள் நிலையில் பெரும்பாலானோருக்கு அங்கே படுக்க வேண்டிய தேவையே வராது. அரசாங்க சுகாதார கிளினிக்கிலேயே சில கேள்விகள் கொண்ட பரிசோதனைத்தாள் கொடுப்பார்கள். அது நோய் முத்திரை அல்ல, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும் சீட்டு. நீங்கள் சொல்வது யாருக்குத் தெரியவரும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்கப் போலீஸ் பயம் தேவையில்லை.

மறுபடி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

கேள்வி: சாமி கும்பிட்டால் போதாதா?

பதில்: ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய் வாருங்கள், நானும் போகிறேன். மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் சாப்பிடுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

கேள்வி (ஓய்வுபெற்ற டிரெஸ்ஸர், 81 வயது): எங்கள் காலத்தில் இரவும் பகலும் வேலை பார்த்தோம். மன அழுத்தம் என்ற பேச்சே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மென்மையாகிவிட்டார்களா?

பதில்: ஐயா, வணக்கம். நீங்கள் என் அப்பாவின் தொழில்காரர். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்த இரவு, அப்பா வீட்டுக்குள் வரவில்லை. ரம்புத்தான் மரத்தடியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. தட்டை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு ஒரு வருடம் அப்பா அந்த லயத்தின் வழியாக நடக்காமல் சுற்றிப்போனார். உங்களுக்கும் அப்படிச் சுற்றிப்போன வழி ஒன்று இருந்திருக்கும், ஐயா. எந்தத் தோட்டம்?

கேள்வி (தாதியர் கல்லூரி மாணவி): அடுத்த மாதம் முதல் வார்டுப் பயிற்சி. பையில் என்ன எடுத்துப்போக வேண்டும், ஆன்ட்டி?

பதில்: இரண்டு ஜோடி காலுறை. தண்ணீர்ப் புட்டி. பிஸ்கட். ஒரு சின்ன நோட்டு: அன்று நீ சரியாகச் செய்த ஒன்றை மட்டும் அதில் எழுது, தவறுகளை எழுத வார்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அழுகை வந்தால் கழிவறையில் தனியாக அழாதே. துணிமாற்றும் அறையில், தோழி இருக்கும்போது அழு. முகக்கவசத்தைக் கழற்றியதும் மூக்குத்தண்டில் தேங்காய் எண்ணெய் தடவு.