ஏற்காட்டில் கூட்டு வேகாமல் போனது உங்கள் தவறில்லை

பொங்கலுக்குச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போய்ப் பதினைந்து பேருக்குக் கூட்டு வைத்தீர்கள், ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு வேகவில்லை, காய் மட்டும் குழைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பருப்பு பழசு என்று மாமியார் சொன்னதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு மலை மேல்தான் சந்தேகம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். அதனால் குக்கர் கட்டாயம். கீழே வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். கடலைப்பருப்பு என்றால் ஒரு மணி நேரமாவது ஊறட்டும். காய்ந்த மொச்சை போட்டால் முந்தின இரவே ஊறப்போட வேண்டும். தை மாதம் பச்சை மொச்சையே கிடைக்கும், அதுவே மேல்.

புளி ஊற்றுவீர்கள் என்றால் பருப்பு மலர்ந்த பிறகுதான். புளிப்பு பட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும். பூசணி, அவரை, சௌசௌ எல்லாம் தனியாக அரை வேக்காட்டில் எடுத்துக் கடைசியில் சேருங்கள். தாளிக்கத் தேங்காய் எண்ணெயா? அந்தக் குளிரில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்திருக்கும், வெந்நீரில் வைத்து எடுங்கள்.