காது மந்தமான மாமனாரிடம் கத்தாமல் பேசுவது எப்படி?

“மாமனாருக்குக் காது மந்தம். மெஷின் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. சத்தமாகப் பேசினால் ‘ஏன் திட்டுகிறாய்?’ என்று கோபித்துக்கொள்கிறார். என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் உங்கள் மாமனார் கட்சி. கோவையில் ஒரு பஞ்சாலையில் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்குச் சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்குவதில்லை. வயதாலோ இயந்திர இரைச்சலாலோ காது கெடும்போது பெரும்பாலும் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். பேச்சில் அ, ஆ, ஒ போன்றவை தாழ்ந்த சுருதியில் கனமாக வரும். ச, த போன்றவை மெலிந்தவை. அவற்றைப் பிரித்தறிய உயர்ந்த சுருதி வேண்டும். அதனால் ‘காசு’ என்றாலும் ‘காது’ என்றாலும் எனக்கு ஒன்றுதான். நீங்கள் கத்தினால் ‘கா’ பெரிதாகும். அடுத்த எழுத்து அப்போதும் வந்து சேராது. போதாததற்கு, கெட்ட காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, கொஞ்சம் கூட்டினால் சுரீரென்று வலிக்கும். கத்துகிறவர் முகமும் கடுகடுவென்று மாறிவிடுகிறது. திட்டுவதாக அவர் நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

என் மனைவி அடுக்களையில் மிக்ஸியை ஓடவிட்டு, முதுகைக் காட்டியபடி ஏதோ சொல்வாள். எனக்கு மிக்ஸி மட்டும் கேட்கும். பேத்தி அப்படியில்லை. எதிரில் வந்து நின்று தோளைத் தொடுவாள். “தாத்தா, கல்யாண விஷயம்” என்பாள். பிறகுதான் செய்தி. எதைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிட்டால் பாதியை நானே ஊகித்துக்கொள்வேன். “ஏழு மணிக்கு முகூர்த்தம்” என்பது பிடிபடாவிட்டால் அதையே திருப்பிச் சொல்ல மாட்டாள். “காலையிலேயே தாலி கட்டுகிறார்கள், ஏழு மணிக்கு” என்று மாற்றிச் சொல்லி, ஏழு விரலையும் காட்டுவாள். குரல் சாதாரணமாகத்தான் இருக்கும், வேகம் மட்டும் சற்றுக் குறைவு. அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

நாங்கள் பாதி கேட்பது கண்ணால். ஆகவே வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். உதட்டையே முழுக்க நம்பவும் முடியாது. ‘பணம்’, ‘மணம்’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். மாத்திரையின் பெயர், பஸ் நேரம், பணத் தொகை இவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு செல்பேசியில் கூகுளின் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி பேச்சைத் தமிழில் எழுதிக் காட்டும். கொங்குப் பேச்சுக்கு அது கொஞ்சம் திணறும், ஆனாலும் ஆஸ்பத்திரியில் முகக்கவசம் போட்ட டாக்டருக்கு எதிரே கைகொடுக்கும்.

“புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். தலையாட்டிவிடுவோம், மூன்றாம் முறை “என்ன?” என்று கேட்க வெட்கமாக இருக்கும். “எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?” என்று கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிட முக்கியம்: எல்லோரும் சிரிக்கும்போது அவர் என்னவென்று கேட்டால் “ஒன்றுமில்லை, விடுங்கள்” என்று சொல்லிவிடாதீர்கள். அது உப்புச்சப்பில்லாத வேடிக்கையாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். காது போனதைவிட அந்த “விடுங்கள்”தான் எங்களை அறைக்குள் தள்ளுகிறது.

மெஷினைப் பற்றி. அது மூக்குக்கண்ணாடி போல மாட்டியதும் சரிசெய்துவிடுகிற பொருள் அல்ல. உங்கள் குரலோடு மின்விசிறி, டிவி, பாத்திரச் சத்தம் எல்லாவற்றையும் கூட்டித் தரும். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். டிவியை அணைத்துவிட்டு, இரண்டு கை தூரத்துக்குள் வந்து பேசிப் பாருங்கள். பயனில்லை என்று மேஜையில் போட்டுவைக்குமுன், வாங்கிய இடத்தில் ஒலி அளவைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பட்டன் பேட்டரி போடும் வகை என்றால் இன்னொன்று. அதன் ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கிவிடும். பிறகு மெஷினை அணைத்து வைத்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். ஒட்டுத்தாளைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை. முன்னேற்பாடாக அட்டையிலுள்ள எல்லா பேட்டரிகளின் ஒட்டுத்தாளையும் உரித்து வைக்கும் பெரியவர்கள் உண்டு, அவருடைய டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்.