சோலார் கம்பனி இலவசமாகச் செய்து தரும் மின் கணக்காய்வை நம்பலாமா?

கிளிநொச்சியில் மூன்று மாடிக் கடை, மின்சாரம் எங்கே எவ்வளவு போகிறது என்று அளந்து சொல்லும் கணக்காய்வைச் சோலார் கம்பனி இலவசமாகச் செய்து தருகிறதாம், வருபவருக்கு அங்கீகாரமும் உண்டாம், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கீகாரம் உண்மையாக இருக்கலாம். இந்தக் கணக்காய்வைச் செய்யும் வலுக் கணக்காய்வாளர்களை அங்கீகரிப்பது, 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை. அங்கே கேட்டு, வருபவரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பனியின் பெயர் போதாது. ஆனால் அவருக்கு வேலை தெரியும் என்பதைத்தான் அங்கீகாரம் சொல்லும். சம்பளம் யார் கொடுப்பது என்பதைச் சொல்லாது.

பரந்தனில் என் மச்சானின் கடைக்கும் இப்படி ஒருவர் வந்தார். மத்தியானம் ஒன்றரை மணி நேரம் நின்றார். அறிக்கையில் பாதிக்கு மேல் சோலார் பனல் படம்தான். பிறகு மச்சான் காசு கொடுத்து வேறொருவரைக் கூப்பிட்டார் (கொழும்பிலிருந்து வந்து போகும் செலவும் எங்கள் தலையில்தான்). அவர் மெயின் போர்டில் பதிவுக் கருவியைப் பூட்டி ஒரு கிழமை விட்டார். நூறு ரூபாய்த் தாள் ஒன்று கேட்டபோது தேநீர்க் காசு என்றுதான் நினைத்தோம். அதை ஃப்ரீசர் கதவில் வைத்து மூடி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் போய்விட்டது.

பெரிய விஷயம் பின்னேரம் ஏழு மணியில் இருந்தது. பேக்கரிப் போறணை, ஏசி, விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. 42 கேவிஏக்கு (ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தின் அளவு) மேல் ஒப்பந்தமுள்ள கடைக்கு, மாதத்தில் ஒரே நேரத்தில் ஆகக் கூட இழுத்த அளவுக்கும் தனிக் கட்டணம் விழும். பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை யூனிட் விலையும் அதிகம். அந்த நேரம் வெயில் ஏது? போறணையை மூன்று மணிக்கு மாற்றினோம், செலவில்லாமல்.

சோலார் கெட்டது என்று சொல்லவில்லை. விற்பவரே அளந்தால் விற்கிற பொருள்தான் தேவையாகத் தெரியும், அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவில் அலுவலகக் கட்டடங்கள் மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகப் பாவிக்கின்றன என்று காட்டும் நேபர்ஸ் (NABERS) நட்சத்திரம் கொடுப்பதே 12 மாதம் உண்மையில் செலவான மின்சாரக் கணக்கை வைத்து. ஒரு மத்தியானத்தில் எதைப் பார்ப்பது?

யாரைக் கூப்பிட்டாலும், எந்தக் கம்பனியிடமும் கமிஷன் வாங்குவதில்லை என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அளந்த தரவு முழுவதையும் கேளுங்கள். எங்களுக்கு அது பிறகும் உதவியது: அடுத்த வருடம் சோலார் போட்டபோது, முதல் ஆள் சொன்னதில் பாதியே போதுமாக இருந்தது.