ஒரே ரூம் வீட்டில் எங்கே போய் அழுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வந்த கேள்விகளைச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே வீட்டுக்காரர் காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிடுகிறார். சாப்பாட்டில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே, அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாமா? (காசிமேடு)

வேண்டாம்மா. இப்படிக் கலந்து கொடுக்கச் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையாக இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். விஷயம் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு டாக்டர் பரிசோதித்துக் கொடுக்கிற மருந்து அது. தெரியாமல் கொடுத்து அவர் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நீங்கள் போடுகிற சோற்றையே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்கில் தினமும் குடிப்பவர் சாமி மேல் சத்தியம் பண்ணிவிட்டு ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்துதான். நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வலிப்புகூட வரலாம். அதற்கு அடுத்த நாளில் சிலருக்கு இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ராத்திரி எது பகல் எது என்று குழம்பிப்போவார்கள். இதைப் பார்த்துவிட்டுக் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். போக வேண்டியது ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு. உங்களுக்கு ஸ்டான்லி பக்கம்தான், அங்கே மனநலப் பிரிவும் இருக்கிறது. முதல் சில நாளை மருந்தோடு கடந்துவிட்டால் இந்த ஆபத்து பெரிதும் குறைந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், வருமானமும் இல்லை, விடியற்காலையில் எழுந்து போக ஓர் இடமும் இல்லை என்றால் யாருக்குமே கை பரபரக்கும். அதனால் இந்தப் பேச்சை மார்ச் மாதமே எடுங்கள், அவர் தெளிவாக இருக்கிற ஒரு காலை நேரத்தில், பழைய கணக்கையெல்லாம் இழுக்காமல். வலை சரிபார்ப்பதோ போட் வேலையோ, காலைப் பொழுதுக்கு ஏதாவது ஒன்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பது உதவும். போதையில் இருப்பவரிடம் நியாயம் பேசி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. கை ஓங்கினால் பொறுத்துப் போகாதீர்கள், 181 பெண்களுக்கான உதவி எண்.

அம்மாவுக்கு டிப்ரஷன் மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, ஒரு மாற்றமும் இல்லை. பழகிவிட்டால் விடவே முடியாது என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். (தண்டையார்பேட்டை)

பத்து நாளில் தெரியாது. இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். கொடுமை என்னவென்றால் குமட்டல், தூக்கம் கெடுவது போன்ற தொந்தரவு முதல் வாரத்திலேயே வந்துவிடும், நல்லது பின்னாடிதான் வரும். அந்த இடைவெளியில்தான் பலரும் ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், அது அடிமையாவது இல்லை. நிறுத்தும்போது டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூடவே தூக்க மாத்திரையும் கொடுத்திருந்தால் அது எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதில் சில பழகிவிடக்கூடியவை. இடையில் அம்மா இருப்புக்கொள்ளாமல் தவித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். அந்த அக்கா கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரித்தால், 1794-இல் ஆரம்பித்த மனநல ஆஸ்பத்திரிக்கா, அங்கேயும் ஓ.பி. சீட்டுதான் போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

யோகா பண்ணினால் மாத்திரையை விட்டுவிடலாமா? (கொளத்தூர்)

யோகாவைப் பண்ணுங்கள், மாத்திரையை நீங்களாக விடாதீர்கள்.

ஒரே ரூம் வீடு, அஞ்சு பேர். அழக்கூட இடமில்லை, போனில் கவுன்சலிங் பேசினால் எல்லோர் காதிலும் விழும். (பழைய வண்ணாரப்பேட்டை)

அமைதியான அறையில் உட்கார்ந்து மூச்சை கவனியுங்கள் என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் உங்கள் தெருவில் வந்து தங்கிப் பார்க்க வேண்டும். நடந்துகொண்டே பேசுங்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், 2022-இல் ஆரம்பித்தது. தெருச் சத்தம் உங்களுக்குத் திரை மாதிரி, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு போகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டு மனுஷரிடம் பேசுவதாக இருந்தாலும் இதே வழிதான். எதிரெதிரே உட்கார்ந்தால் வாய் திறக்காத பிள்ளைகள் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது தானாகச் சொல்லிவிடுவார்கள்.

அழுகை தினமும் வருகிறது, தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டது என்றால் போனோடு நிறுத்தாமல் டாக்டரையும் பாருங்கள்.

2023 டிசம்பர் கேஸ் லீக் ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போதும் ஏதாவது வாடை வந்தால் என் பெண் தூக்கத்திலிருந்து எழுந்து அலறுகிறாள். (எண்ணூர்)

"ஒன்றுமில்லை, படு" என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு நிஜமாகவே அம்மோனியா கசிந்தது, அவளுக்கு அது தெரியும். கூடவே எழுந்து, ஜன்னலைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இது சாக்கடை வாடை, அன்னைக்கு மாதிரி கண் எரியலை பார்" என்று வித்தியாசத்தைக் காட்டுங்கள். நிஜமாகவே எரிந்தால் என்ன செய்வோம், எந்தப் பக்கம் போவோம், ஈரத்துணி எங்கே இருக்கிறது என்று பகலிலேயே அவளோடு பேசி வையுங்கள். திட்டம் தெரிந்த குழந்தைக்குப் பயம் குறையும். இத்தனை நாளாகியும் அலறுகிறாள் என்பதால் ஒரு குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், மாத்திரை இல்லாமலே பேச்சு சிகிச்சையில் சரியாக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

நண்பன் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று ஸ்டேட்டஸ் போடுகிறான். கேட்டால் சும்மா என்கிறான். நான் கேட்டு, அதுவே அவனுக்கு எண்ணத்தைக் கிளப்பிவிட்டால்? (வியாசர்பாடி)

கிளப்பாது, கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மெசேஜில் வேண்டாம், நேரில் போய், "செத்துப் போகலாம்னு தோணுதாடா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். ஆமாம் என்றால் பதறவோ, உன் அம்மாவை நினைத்துப் பார் என்று ஆரம்பிக்கவோ கூடாது. ஏற்கெனவே பாரமாக இருக்கிறோம் என்று நினைப்பவனுக்கு அது இன்னொரு பாரம். பேச விட்டு, எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். வைத்திருந்தால் தனியாக விடாதீர்கள், அந்தப் பொருளைக் கைக்கெட்டாத இடத்துக்கு மாற்றி, வீட்டில் நம்பக்கூடிய ஒரு பெரியவரிடம் சொல்லி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் மீறலாம், நாலு நாள் பேசாமல் இருப்பான், இருக்கட்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று சில குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் மறைக்கின்றன. 2017 மனநலச் சட்டப்படி தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகத்தான் கருதப்படுவார், தண்டிக்கப்படக்கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் கொடுத்தாக வேண்டும்.