வைக்கோலும் எரிபொருளும் – கடிதம்

வணக்கம் ஐயா,

அறுவடை முடிந்ததும் இங்கே வைக்கோலைக் குவித்துக் கொளுத்திவிடுகிறோம். நுண்ணுயிர்களின் பரம்பரையலகை மாற்றி அதை எரிபொருளாக்கலாம் என்கிறாள் உயர்தரம் படிக்கும் என் மகள். 2022-இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தவர்கள் நாங்கள். திருகோணமலைச் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கின்றன. பிறகு ஏன் இங்கே செய்யக்கூடாது?

– வாசகர், தம்பலகாமம்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வது சரிதான். வைக்கோலின் எடையில் பாதிக்கு மேல் சீனிதான், ஆனால் கட்டுண்ட சீனி. கரும்புச் சாறென்றால் ஈஸ்ட் நேரே புளிக்க வைத்து, எரிபொருளாகப் பயன்படும் எதனோல் என்ற மதுசாரமாக்கிவிடும். வைக்கோலில் அது செலுலோசு, ஹெமிசெலுலோசு என்று நீண்ட சங்கிலிகளாகக் கோத்து, லிக்னின் என்ற பசை போன்ற பொருளால் இறுக்கப்பட்டிருக்கிறது. சங்கிலியை அறுத்தாலும் அதிலிருந்து வரும் சைலோஸ் என்ற சீனியைச் சாதாரண ஈஸ்ட் தொடாது.

இதற்கு வழி கண்டு பல வருடமாயிற்று. புளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இன்கிராம் குழுவினர், கள்ளில் காணப்படும் சைமோமோனாஸ் பற்றீரியாவின் பரம்பரையலகுகளை ஈ.கோலை என்ற இன்னொரு பற்றீரியாவில் சேர்த்தார்கள். அது சைலோஸையும் எதனோலாக்கியது. 1991-இல் அமெரிக்கா வழங்கிய 50 இலட்சமாவது காப்புரிமை இதற்குத்தான்! சங்கிலியை அறுக்கும் நொதியங்களுக்கும் ஒரு பூஞ்சை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில், சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகளை உக்க வைத்த பூஞ்சை அது.

அப்புறம் ஏன் நடக்கவில்லை? கையில் ஒரு பிடி வைக்கோலை உருவிப் பாருங்கள், கீறும். அது சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். அதையும் லிக்னினையும் தாண்டி நொதியம் உள்ளே போக வேண்டுமென்றால், முதலில் சூட்டிலும் அமிலத்திலும் வேக வைக்க வேண்டும். அப்போது உண்டாகும் சில பொருட்கள் நுண்ணுயிருக்கே நஞ்சு. நொதியத்துக்கும் காசு. வயல் வயலாகப் போய் வைக்கோலைக் கட்டி ஏற்றிவரும் செலவு வேறு. சோளத்தட்டையில் எதனோல் எடுக்க டூபோன்ட் 2015-இல் அயோவாவில் திறந்த பெரிய ஆலையே 2017-இல் கைவிடப்பட்டது. தாங்கி இருப்பதால் மட்டும் இங்கே நடந்துவிடாது.

நொதியத்தைத் தானே சுரந்து, எல்லாச் சீனியையும் தின்று, அந்த நஞ்சையும் தாங்கும் ஒரே உயிரை உருவாக்கும் வேலை இன்னும் முடியவில்லை. மகளுக்கு விருப்பமென்றால் அதைப் படிக்க விடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்தப் போகத்தில் கொளுத்தாதீர்கள். கொளுத்தினால் நைதரசன் புகையோடு போய்விடும். பொட்டாசியம் குவியல் எரிந்த இடத்திலேயே சாம்பலாகக் கிடந்து மழையில் கழுவப்படும். 2021-இல் உரமில்லாமல் நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வயல் முழுக்கப் பரப்பி, ஈரம் இருக்கும்போதே உழுதுவிடுங்கள். விதைப்புக்கு முன் உக்குவதற்குச் சில வாரம் விட வேண்டும்.