சாமி சாட்சியா, சர்க்கார் சாட்சியா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தெரிந்தவருக்கு 4 லட்சம் கைமாற்று கொடுத்தேன். எழுத்து எதுவும் வாங்கவில்லை. இப்போது கேட்டால், "வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொப்புடையம்மன் சன்னதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யட்டுமா?" என்கிறார். அவருக்கும் சாமி நம்பிக்கை கிடையாது, எனக்கும் கிடையாது. அந்தச் சத்தியத்துக்கு என்ன மதிப்பு? (வியாபாரி, காரைக்குடி)

பதில்: ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது. 1873ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தில், "எதிராளி இன்ன கோயிலில் இன்னபடி சத்தியம் செய்தால் நான் ஒப்புக்கொள்கிறேன்" என்று வழக்காடுபவர் சொல்ல இடம் இருந்தது. சொன்னபடி எதிராளி சத்தியம் செய்துவிட்டால், சவால் விட்டவருக்கு எதிராக அதுவே முடிந்த சாட்சி. அதற்குமேல் விசாரணை கிடையாது. 1969இல் வந்த புதிய சட்டம் அந்தப் பிரிவுகளை விட்டுவிட்டது. இன்று கற்பூரம் அணைந்ததும் காரியமும் முடிந்துவிடும். "சரி, செய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நீங்கள் ஒத்துக்கொண்டதாகப் பேச்சாகிவிடும், வேறு பயனில்லை.

அவர் வாயிலிருந்தே உங்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. "வாங்கினேன், கொடுத்துவிட்டேன்" என்றால் வாங்கியதை ஒப்புக்கொண்டாயிற்று. கொடுத்ததை நிரூபிப்பது இனி அவர் பொறுப்பு. அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரவழையுங்கள். "எந்தத் தேதியில், எவ்வளவு, யார் முன்னிலையில் கொடுத்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டாலே போதும். போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் அதைக் காட்ட மின்னணுச் சான்றிதழ் ஒன்றும் இணைக்க வேண்டும். வழக்குப் போடக் கெடு 3 ஆண்டுதான்; கடன் கொடுத்து அது முடியப்போகிறதென்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

இனிமேல் கொடுப்பதற்குப் புரோநோட்டு எழுதுங்கள். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்து அதன் குறுக்கே விழ வேண்டும். ஸ்டாம்பு இல்லாத நோட்டைப் பிறகு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. "தங்களுக்காவது தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்காவது" என்ற பழைய வாசகத்தை அலங்காரம் என்று நினைத்து வெட்டுகிறவர்கள் உண்டு. அது இல்லாமல் சாட்சிக் கையெழுத்து மட்டும் வாங்கினால் அந்தக் காகிதம் கடன் பத்திரமாகக் கருதப்பட்டு, கூடுதல் முத்திரைத் தீர்வை கேட்கும். இன்னொரு தவறு: நோட்டின் முதுகில் "வட்டி வரவு 5,000" என்று கொடுத்தவரே எழுதிவைத்துக்கொள்வது. கெடு நீள வேண்டுமென்றால் அந்த வரி, 3 ஆண்டு முடிவதற்குள், பணம் கட்டியவரின் கையெழுத்தில் இருக்க வேண்டும். ரூபாய் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்கினால், வாங்கியவருக்கு அந்தத் தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். ஆகவே வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு சொத்து வழக்கில் சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கூண்டில் ஏறி "கடவுள் அறிய" என்று சொல்வதே பொய்யாகிவிடாதா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: சொல்ல வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கடவுள் பெயரில் இடும் ஆணைக்குப் பதில் உறுதிமொழி எடுக்க யாருக்கும் இடம் தருகிறது. காரணம் சொல்ல வேண்டாம், மனு போட வேண்டாம். கூண்டில் ஏறுமுன் நீதிமன்ற ஊழியரிடம் "உறுதிமொழி எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் பழக்கதோஷத்தில் கடவுள் வாசகத்தையே ஆரம்பித்தால், "உளமார உறுதி கூறுகிறேன்" என்று உங்கள் வாசகத்தைச் சொன்னால் போதும். பதற்றத்தில் விட்டுப்போனாலும் உங்கள் சாட்சியம் செல்லாமல் போகாது. 7ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

இந்த உரிமை எளிதில் வந்ததல்ல. நாத்திகன் கொடுக்கும் வாக்கு நிற்காது என்று 1689இல் எழுதியவர் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக். சகிப்புத்தன்மைக்காக வாதாடிய மனிதரே அவர்! இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா 1880இல் தேர்தலில் வென்றும், நாத்திகர் என்பதால் 1886 வரை நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்காமல் போராடினார்.

சாமி பெயரைச் சொல்லாததால் பொய் சொல்ல உரிமை வந்துவிடாது. பொய்ச்சாட்சிக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 229ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், எந்த வாசகம் சொல்லியிருந்தாலும். ஆனால் அந்த வழக்கைப் பாதிக்கப்பட்டவர் நேராகப் போட முடியாது. நீதிமன்றமே புகார் கொடுக்க வேண்டும். அதனால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கார் பயம் நாம் நினைக்கிற அளவு தடிமன் இல்லை.

கேள்வி: சாமி பயமும் போய், சட்டப் பயமும் மெலிந்துவிட்டால் மனிதனை எது கட்டும்? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: வலுவான அரசு கட்டும் என்று ஆங்கிலத் தத்துவஞானி ஹாப்ஸ் 1651இல் சொன்னார். செட்டிநாட்டு அனுபவம் வேறு. ரங்கூன் கிட்டங்கியில் (செட்டியார்களின் வட்டிக்கடையில்) பெட்டியடியில் உட்கார்ந்த ஏஜெண்டு, முதலாளி கண்ணுக்கு எட்டாத தூரத்தில் 3 ஆண்டுத் தவணையில் பணம் புழங்கினார். பேரேட்டின் தலையில் பிள்ளையார் சுழி இருந்தது உண்மை. அதோடு ஊருக்குக் கணக்கு தவறாமல் போயிற்று, முடிவில் ஐந்தொகை (வரவு, செலவு, இருப்பு எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கு) கூட்டிப் பார்த்தார்கள், கை சுத்தமில்லாதவனுக்கு அடுத்த தவணை கிடைக்காது என்பது நகரத்தார் ஊர்களெல்லாம் அறிந்தது. அந்தச் சுழியை இன்று எடுத்துவிட்டாலும் ஐந்தொகை கூட்டத்தான் வேண்டும்.

கேள்வி: மகன் கோயில் மாலை வேண்டாம், ஐயரும் வேண்டாம் என்கிறான். பெண்ணும் நம்மவர்தான். இப்படி நடந்தால் கல்யாணம் செல்லுமா? (தாயார், பள்ளத்தூர்)

பதில்: சட்டப்படி செல்லும் ஆச்சி. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிந்தாலோ, தாலி கட்டினாலோ போதும். இந்தப் பிரிவு வருமுன் எவ்வளவு சிக்கல் என்பதற்குச் செட்டியார் குடும்பத்து வழக்கு ஒன்றே சாட்சி. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அதில் ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்றது. 1967 திருத்தம் முந்தைய திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது.

90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மாலை மாற்றும்போது சாட்சிகள் முகம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் தகராறு வந்தால், "கல்யாணமே நடக்கவில்லை" என்பதுதான் எதிராளியின் முதல் வாதமாக இருக்கும்.

புள்ளி, அதாவது கல்யாணமான தம்பதியைக் கோயில் கணக்கில் ஒரு குடும்பமாகச் சேர்ப்பது, வேறு விஷயம். நகரத்தாரின் ஒன்பது கோயிலில் உங்கள் கோயிலிலிருந்து மாலை வராவிட்டால் புள்ளி சேராது. சார்பதிவாளர் சான்றிதழைக் காட்டி அதைக் கேட்க முடியாது. புள்ளி இல்லாததால் வாரிசுச் சொத்து போய்விடாது, கோயில் காரியத்தில் நிற்கும் இடம்தான் போகும். அந்த இடம் தனக்கு வேண்டுமா என்று மகனே சொல்லட்டும், இப்போதே, மண்டபம் பிடிக்கும் முன்.

கேள்வி: நேரில் போய்ப் பார்க்காத இடத்தைப் பார்த்ததாகச் சான்று எழுதச் சொல்லி மேலதிகாரி வாய்மொழியாக உத்தரவிடுகிறார். (அரசு ஊழியர், திருப்பத்தூர் பக்கம்)

பதில்: கோபப்பட்டு மறுக்க வேண்டாம். கோப்பிலேயே குறிப்பு எழுதுங்கள்: "தல ஆய்வு இன்னும் செய்யப்படவில்லை. ஆய்வின்றிச் சான்று வழங்கத் தாங்கள் வாய்மொழியாகக் கூறியதை எழுத்தில் உறுதி செய்து தர வேண்டுகிறேன்." தேதி, சுருக்கொப்பம் போட்டு மேலே அனுப்புங்கள். பெரும்பாலும் கோப்பு மறுபடி வராது. எழுத்திலேயே உத்தரவு வந்தாலும் பொய்ச்சான்றில் கையெழுத்திட்டவருக்கு அது கேடயமாகாது. பொய்ச்சான்றுக்கும் பொய்ச்சாட்சிக்குரிய தண்டனையே.

கேள்வி: எங்கள் ஐயா காலத்திலிருந்து கடையில் கோயில் காரியத்துக்கென்று ஒதுக்கும் மகமைக் கணக்கு ஓடுகிறது. பில்லிலும் ஒரு சிறு தொகை மகமை என்று சேர்க்கிறோம். எனக்குக் கோயிலில் நம்பிக்கை இல்லை, பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிவிடலாமா? (மளிகைக் கடைக்காரர், கோட்டையூர்)

பதில்: பணம் யாருடையது என்று பிரியுங்கள். உங்கள் லாபத்திலிருந்து ஒதுக்கியது உங்கள் பணம், இன்றைக்கே மாற்றலாம். பில்லில் வாங்கியது அப்படியல்ல. "தர்மாதா" என்று வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகை வியாபார வருமானமே அல்ல, அறத்துக்கென்று கட்டுப்பட்ட பணம் என்று உச்ச நீதிமன்றம் 1979இல் ஒரு பஞ்சாலை வழக்கில் சொல்லிவிட்டது. நம்பிக்கை போனது உங்களுக்கு; கொடுத்தவருக்குப் போனதா என்று உங்களுக்குத் தெரியாது.

ஆகவே ஒரு தேதி குறியுங்கள், ஏப்ரல் 1 வசதி. அதுவரை சேர்ந்த பில் மகமையைப் பழைய காரியத்துக்கே, ரசீதோடு, செலவழித்துக் கணக்கை முடித்து வையுங்கள். அன்றிலிருந்து பில்லில் "பள்ளி நன்கொடை, விருப்பமிருந்தால்" என்று அச்சடியுங்கள். வேண்டாம் என்பவருக்கு அந்த வரியை நீக்கிப் பில் போடக் கடைப்பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். தனி வங்கிக் கணக்கு அவசியம். கல்லாவில் கலந்த மகமையைப் பிறகு பிரிக்கவே முடியாது. எழுதப்பட்ட அறக்கட்டளைப் பத்திரம் ஏதாவது ஐயாவின் இரும்புப் பெட்டியில் கிடந்தால், அதை வக்கீலிடம் காட்டாமல் ஒரு ரூபாயையும் தொடாதீர்கள்.