சைக்கிள் கேள்வி–பதில்: முதல் நெடும்பயணம்

கேள்வி: அமெரிக்காவில் வாழும் எங்கள் நண்பர்கள் கறுப்பினத் தம்பதி. முதன்முறையாகச் சைக்கிளில் சில நாள் பயணம் போக ஆசை. ஊர்ப்புறச் சாலைகளை நினைத்தால் தயக்கம். எங்கே தொடங்கலாம்?

பதில்: பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லாந்து போகும் ‘கிரேட் அலிகேனி பாசேஜ்’. 150 மைல், கார், லாரி வராத பாதை. நாளுக்கு 30 மைல் என்றால் ஐந்து நாள். (1928-ல் ஐந்து கறுப்பினப் பெண்கள் நியூயார்க்–வாஷிங்டன் 250 மைலை மூன்றே நாளில் ஓட்டிவிட்டார்கள். அந்த வேகம் உங்களுக்கு வேண்டாம்!) தங்குமிடத்தை முன்கூட்டியே பேசிவைத்து, இருட்டுமுன் போய்ச் சேருங்கள். குளிர்காலத்தில் இந்தப் பாதையிலுள்ள பிக் சாவேஜ் சுரங்கம் மூடியிருக்கும்.

வழியில் உடைந்து தொல்லை தருவது பெரும்பாலும் பின்சக்கரத்தின் ஆரக்கம்பிதான் (ஸ்போக்). மொத்தப் பாரத்தையும் பின் கேரியரில் ஏற்றுவதால் வரும் வினை. பாரத்தில் கொஞ்சத்தை முன்பக்கம் தாழ்வாக மாட்டுங்கள். இடமும் வலமும் ஒரே எடை. செயின் பக்கக் கம்பி உடைந்தால் பின் பல்சக்கரங்களைக் கழற்றாமல் மாற்ற முடியாது. அதற்கான கருவியும் பையில் இருக்கட்டும்.

சடைப்பின்னலை உச்சியில் கட்டினால் ஹெல்மெட் ஏறி நிற்கும். பிடரியில் தாழக் கட்டுங்கள். புருவத்துக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் கணக்கு. புதிதாகப் பின்னினால் பட்டையை மறுபடி சரிசெய்யுங்கள்.